சம்பந்தியின் ஆள்காட்டி விரல்

என் நாத்தனாரை எல்லாரும் சம்பந்தின்னுதான் கூப்பிடுவாங்க. கல்யாணமே பண்ணிக்காதவளுக்கு எப்படி இந்தப் பேர்னு கேட்காதீங்க, வெச்சது சாமான் கடைக்காரர். கம்பி வெட்டுற ஒரு சைடு கட்டர் வாங்கப் போனாலும் போதும், பொண்ணு பார்க்க வந்த மாமியார் மாதிரி கல்லாவுக்குப் பக்கத்துல ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துக்குவா. ஒவ்வொண்ணா எடுத்து வரச் சொல்லுவா. திருப்பிப் பார்ப்பா, வெளிச்சத்துல பிடிப்பா, காதுகிட்ட வெச்சுத் திறந்து மூடுவா, கடைசியில உதட்டைப் பிதுக்கிட்டு அடுத்ததைக் கேட்பா. "சம்பந்தியம்மா வந்தாச்சு, உள்ள இருக்கிற பொண்ணுங்களை எல்லாம் கூட்டிட்டு வாங்க"ன்னு அவரும் சத்தம் போடுவார். கடையில நிக்கிறவங்க சிரிப்பாங்க. அவ சிரிக்க மாட்டா.

எங்களோடது மோட்டார் வைண்டிங் பட்டறை. எரிஞ்சுபோன மோட்டார் வரும், உள்ள இருக்கிற செம்புக் கம்பியை வெட்டி எடுத்துட்டுப் புதுக் கம்பி சுத்திக் குடுப்போம். எங்க வீட்டுக்காரர் மோட்டாரைப் பிரிப்பார், மாட்டுவார். அவர் தங்கச்சி கம்பி சுத்துவா. நான் கம்பிக்கு அடியில வைக்கிற பேப்பர் வெட்டுவேன், வார்னிஷ் ஊத்துவேன், "இன்னும் ஆகலையா"ன்னு வர்றவங்ககிட்ட வாயடிப்பேன். மூணு பேர்ல எனக்குத்தான் வாய் ஜாஸ்திங்கிறாங்க, இருக்கட்டும், ஒருத்தருக்காவது இருக்கணும் இல்லையா.

ஒரு கட்டருக்கு எதுக்குடி இவ்வளவு ஆர்ப்பாட்டம்னு வந்த புதுசுல நானும் கேட்டிருக்கேன். அன்னைக்கு ஒரு கம்பியை ரெண்டு துண்டா வெட்டி, வெட்டின முனை ரெண்டையும் என் கையில குடுத்தா. "தடவிப் பாருங்க அண்ணி." தடவினேன். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். "இது நல்ல கட்டர்ல வெட்டினது. இது மட்டமான கட்டர்ல வெட்டினது. இதுல மயிரிழை மாதிரி ஒரு பிசிறு இருக்கு. இந்தப் பிசிறு பக்கத்துக் கம்பியோட மேல்பூச்சைச் சுரண்டிடும். அப்புறம் ரெண்டு கம்பியும் தொட்டுக்கும். மோட்டார் புகைஞ்சுக்கிட்டு நம்மகிட்டயே திரும்பி வரும்." நான் மறுபடியும் தடவினேன். தெரிஞ்சதுன்னு சும்மா தலையாட்டி வெச்சேன்.

அவளுக்கு அது தெரியும், வலது கை ஆள்காட்டி விரல் நுனியில. மத்த விரலெல்லாம் எங்க விரல் மாதிரிதான், கம்பி இழுத்து இழுத்துத் தோல் தடிச்சு மரக்கட்டை ஆகிப்போச்சு. அந்த ஒரு விரலை மட்டும் பொத்திப் பொத்தி வெச்சிருந்தா. கம்பி சுத்த உட்கார்ந்தா முதல்ல அதுக்கு ஒரு ரப்பர் உறை போட்டுக்குவா. சூடான சாமானைத் தொட மாட்டா, வார்னிஷ் கரைக்கிற தின்னர்ல கை நனைக்க மாட்டா, வீட்டுல பாத்திரம் தேய்க்கும்போதுகூட அந்த விரல் மட்டும் மேல நீட்டிக்கிட்டு நிக்கும். "மகாராணி விரலுக்கு வேர்க்குதா, விசிறட்டுமா?"ன்னு நான் கேட்பேன். அந்த விரல்லதான் பட்டறை ஓடுதுன்னு எனக்கும் தெரியும். இந்தப் பட்டறையில சுத்தின மோட்டார் திரும்பி வராதுங்கிற பேர் எங்களுக்கு வேற எதனால வந்தது?

மாப்பிள்ளை பார்க்காம இல்ல. நாலஞ்சு பேர் வந்தாங்க. ஒருத்தன் பேச்சுல ஆட்டம் இருக்குன்னா, இன்னொருத்தன் வாய் சரியா மூடலைன்னா. "கட்டர் வாங்கப் போறியா, கட்டிக்கப் போறியாடி?"ன்னு கத்தினேன். "ரெண்டும் ஒண்ணுதான் அண்ணி. ஒருவாட்டி வாங்கிட்டா தினம் கையில பிடிக்கணும்"னுட்டு எழுந்து போயிட்டா. அப்புறம் நாங்களும் விட்டுட்டோம்.

சுத்துற சாமான்னா சோதனை இன்னும் ஜாஸ்தி. பேனா மாதிரி கையில பிடிக்கிற சின்ன கிரைண்டர் ஒண்ணு எங்ககிட்ட உண்டு, அவ தேர்ந்தெடுத்தது. அதை வாங்கும்போது, முனையில கல்லு மாட்டுற சக்குல ஒரு ஊசியை மாட்டி ஓட விட்டா. ஓடும்போது ஊசி முனை ஒண்ணாவே தெரிஞ்சா எடுத்துக்கலாம். ரெண்டா தெரிஞ்சா உள்ள ஆட்டம் இருக்குன்னு அர்த்தம், தொடக்கூடாதும்பா. ரெண்டு வளையத்துக்கு நடுவுல குண்டு உருளுற பேரிங் வாங்கினா, அதை அந்த மகாராணி விரல்ல மாட்டி, மறு கையால வெளி வளையத்தைச் சுத்தி விட்டு, காதுகிட்ட கொண்டு போவா. உள்ள ஒரு மணல் துகள் இருந்தாக்கூட விரலுக்குத் தெரிஞ்சிடுமாம். எல்லாப் பட்டறையிலயும் செய்யறதுதான் இது. பேரிங் கையில கிடைச்சா விரல்ல மாட்டிச் சுத்தாத மெக்கானிக் உண்டா?

சனியன் பிடிச்சது அந்தச் சின்ன கிரைண்டர்ல இருந்துதான். உள்ள கார்பன் தேஞ்சு போச்சு. கார்பன்னா மோட்டாருக்குள்ள கரண்டைக் கொண்டு போற கறுப்புக் கட்டி, விரல் நகம் அளவு இருக்கும். அது தேஞ்சா மெஷின் ஓடாது. கடைக்காரர் வரவழைச்சுத் தர்றேன்னு சொல்லியிருந்தார். அதுக்குள்ள எங்க வீட்டுக்காரருக்குப் பொறுக்கல. பெரிய தெருவுல புதுசா திறந்த கடைக்குப் போய், ஒரு பெட்டி நிறைய சாமானை வாங்கிட்டு வந்து நின்னார். பளபளன்னு ஒரு கிரைண்டர், கலர் கலரா கல்லு, அறுக்குற சக்கரம், பிரஷ், கூடவே ரெண்டு கட்டர் வேற இலவசம். கல்யாணச் சீர் கொண்டு வந்த மாதிரி முகத்துல ஒரு சிரிப்பு.

சம்பந்தி பெட்டியைத் திறக்கக்கூட இல்ல. "என்னைக் கேட்காம ஏன் வாங்கினே?"

"எல்லாத்துக்கும் உன்னைக் கேட்கணுமா? நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"இலவசமா கட்டர் குடுக்கிறவன் என்ன கட்டர் குடுப்பான்? யோசிச்சியா?"

"நீ யோசிச்சு யோசிச்சுத்தான் வேலை கிடப்புல கிடக்குது. உன் விரல் ஆசீர்வாதம் பண்ற வரைக்கும் பட்டறையை மூடி வைக்கவா?"

அண்ணனும் தங்கச்சியும் இப்படி எகிறிக்கிறது புதுசில்ல. நான் பாட்டுக்குப் பேப்பர் வெட்டிக்கிட்டு இருந்தேன். அவ மூஞ்சி சிவந்து போய், பதில் சொல்லிக்கிட்டே, மேஜை மேல இருந்த புது பேரிங் ஒண்ணை எடுத்தா. ஒரு பம்பு மோட்டாருக்கு அன்னைக்குத்தான் வந்திருந்தது. ரப்பர் உறையைக் கழட்டினா. வழக்கமா நாங்க போடுற பேரிங் மாதிரியே அகலம், அதே மினுமினுப்பு. உள் ஓட்டை மட்டும் ரெண்டு நூல், அதாவது கால் இஞ்சு, சின்னது. வெளியில பார்த்தா ஒண்ணும் தெரியாது, மேல அடிச்சிருக்கிற நம்பரைப் படிச்சாத்தான் தெரியும். எதையும் தலைகீழாத் திருப்பிப் பார்க்கிறவ அன்னைக்கு நம்பரைப் பார்க்கல. கண்ணெல்லாம் அண்ணன் மேல இருந்தது. விரலை விட்டா, இறுகிச்சு, கோவத்துல ஒரு அழுத்து அழுத்தினா. கிரீஸ் இருந்ததால மூட்டைத் தாண்டிப் போயிடுச்சு.

சுத்திப் பார்த்துட்டு, "பேரிங் பரவாயில்ல"ன்னா. கழட்டப் போனா. வரல.

முதல்ல சிரிச்சோம், அதை நினைச்சா இப்பவும் என்னை நானே அறைஞ்சுக்கலாம்னு இருக்கு. "மகாராணிக்கு மோதிரம் போட்டாச்சு"ன்னேன் நான். சோப்பு போட்டோம், எண்ணெய் ஊத்தினோம், கையைத் தூக்கிப் பிடிச்சோம். சுத்தின கம்பியைக் கட்டுற நூலை விரல்ல நெருக்கமாச் சுத்தி மூட்டை அமுக்கி இழுத்துப் பார்த்தோம். இழுக்க இழுக்க மூட்டு வீங்கிச்சு. சிவப்பு போய் ஊதா வந்தது. "அண்ணி, நுனி மரத்துப் போகுது"ன்னு அவ சொன்னப்ப அவ குரலே மாறியிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மா சின்ன வயசு, பொறுமையானவங்க. கையால சுத்தி மோதிரம் வெட்டுற கட்டர் ஒண்ணைக் கொண்டு வந்தாங்க. அது தங்கம், வெள்ளி வெட்டறதுக்கு. பேரிங்கோ பதம் வெச்ச கெட்டி இரும்பு. ரெண்டு சுத்துலயே கட்டரோட பல்லு மழுங்கிடுச்சு. "இது இதுக்கு ஆகாதும்மா. தீயணைப்புக்காரங்ககிட்ட மெஷின் இருக்கும்"னு போன் போட்டாங்க. அவங்க எங்கேயோ கிடங்கு பத்தி எரியுதுன்னு போயிருந்தாங்க. வர நேரமாகும்னாங்க. டாக்டரம்மா விரலைத் திருப்பி, நகத்தை அமுக்கிப் பார்த்தாங்க. "ரொம்ப நேரம் விட முடியாது. ரத்தம் போகலைன்னா விரல் செத்துடும். உங்க பட்டறையில ஏதாவது இருந்தாக் கொண்டு வாங்க, நான் பக்கத்துல இருக்கேன்"னாங்க.

எங்க வீட்டுக்காரர் ஓடின ஓட்டத்தை நான் அதுவரைக்கும் பார்த்ததில்ல. திரும்பி வரும்போது கையில கிடைச்சது எல்லாம் ஒரு சாக்குப் பையில இருந்தது. கட்டர்கள், பழைய கிரைண்டர், அந்தப் புதுப் பெட்டி. புது மெஷினை எடுத்துச் சக்கரத்தை மாட்டி, பிளக்கைச் சொருகினார்.

"இரு"ன்னா சம்பந்தி. "நர்ஸம்மா, ஒரு ஊசி குடுங்க."

வலிக்கு மருந்து கேட்கிறான்னு நினைச்சாங்க போல. அவ இடது கையால ஊசியை வாங்கி அண்ணன்கிட்ட குடுத்தா. "சக்குல மாட்டி ஓட விடு."

"ஏண்டி, இப்பவுமா!"ன்னு நான் அலறிட்டேன். "விரல் கறுத்துக்கிட்டு வருது, இப்பவும் உனக்குப் பொண்ணு பார்க்கிற வேலையா?"

அவர் ஓட விட்டார். ஊசி முனை ரெண்டா தெரிஞ்சது. எனக்கே தெரிஞ்சது. அவர் முகம் செத்துப் போச்சு.

"உள் வளையத்துக்கும் என் தோலுக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்குன்னு பாரு அண்ணே. பதம் வெச்ச இரும்புல இந்தச் சக்கரம் ஆடிச்சுன்னா ஒடஞ்சு சிதறும். எலும்பு வரைக்கும் போகும்."

"அப்ப என்ன பண்றது?"

"அதுல இருந்து கார்பனைக் கழட்டு. பழைய மெஷினுக்குப் போடு."

அளவு சேராது. புதுக் கார்பன் கொஞ்சம் பருமன். உரசி உரசிச் சிறுசாக்கணும். அரம் பையில இல்ல. எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரித் தரையில குத்த வெச்சு உட்கார்ந்து, சொரசொரப்பான வாசப்படிக் கல்லுல அந்தக் கறுப்புக் கட்டியைத் தேய்ச்சார். நகத்தோட சேர்த்துத் தேய்ச்சார். எனக்குப் பத்திக்கிட்டு எரிஞ்சது. அங்க ஒரு உயிர்ச் சதை செத்துக்கிட்டு இருக்கு, இங்க அண்ணனும் தங்கச்சியும் ரிப்பேர் வேலை பார்க்கிறாங்க. "ஆட்டம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும்! கொஞ்சம் தோல் போனாப் போகுது! முதல்ல வெட்டுங்க, ஐயோ, யாராவது வெட்டுங்களேன்!"னு கத்தினேன். டாக்டரம்மா என் தோளைப் பிடிச்சாங்க.

"அண்ணி, கத்தாதீங்க. அண்ணனுக்குக் கை நடுங்கும்"னா அவ. அவளுக்கு நெத்தியெல்லாம் வேர்த்து ஊத்திச்சு. பயம் இல்லாம இல்ல. அவ இடது கை என் மணிக்கட்டைப் பிடிச்ச பிடியில தெரிஞ்சது.

ஒரு கட்டி உள்ள போச்சு. இன்னொண்ணு போகல. மறுபடி எடுத்து, மறுபடி தேய்ச்சு, மறுபடி போட்டார். ஓடுச்சு. ஊசியை மாட்டினார். ஒத்தை முனை. "இப்ப வெட்டு"ன்னா.

டாக்டரம்மா ஒரு மெல்லிசுத் தகட்டை வளையத்துக்கு அடியில எப்படியோ நுழைச்சாங்க. நர்ஸம்மா தண்ணி ஊத்திக்கிட்டே இருந்தாங்க. முதல்ல வெளி வளையம். பொறி பறந்தது, கருகின வாசனை வந்தது. சத்தம் அந்த அறையையே அடைச்சுது. அது விட்டதும் உள்ள இருந்த குண்டெல்லாம் கொட்டித் தரையில உருண்டு போச்சு. அப்புறம் உள் வளையம். ஒரு பக்கம் அறுத்தார், கையைத் திருப்பி மறுபக்கம் அறுத்தார். கட்டர் மூக்கை அந்தக் கீறல்ல விட்டு நெம்பினார். டக்குன்னு ஒரு சத்தம், வளையம் ரெண்டா விழுந்தது. அவ தோல்ல ஒரு கீறல் இல்ல. நூல் அளவுகூட இல்ல.

எங்க வீட்டுக்காரர் அப்படியே சுவத்துல சாய்ஞ்சு குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் அழல, விரலையே பார்த்துக்கிட்டு இருந்தேன். அடிப்பக்கம் மெதுவாச் சிவந்தது. மேல் மூட்டு வரைக்கும் ரத்தம் ஏறிச்சு. அதுக்கு மேல ஏறல. "பார்ப்போம், காத்திருந்து பார்ப்போம்"னாங்க டாக்டரம்மா. நாங்களும் காத்திருந்தோம். கும்பிடாத சாமியில்ல, வேண்டாத வேண்டுதல் இல்ல. நுனி கறுப்பாவே இருந்தது, அப்புறம் சுருங்கிப் போச்சு. கடைசியில நுனிக் கணுவோட எடுத்துட்டாங்க.

அவர் டாக்டரம்மாகிட்ட தனியாப் போய்க் கேட்டிருக்கார். அந்தக் கார்பன் தேய்ச்ச நேரம் மிச்சமாகியிருந்தா விரல் நின்னிருக்குமான்னு. "அப்படிச் சொல்ல முடியாதுங்க. ஆடற மெஷின்ல வெட்டியிருந்தா முழு விரலும் போயிருக்கலாம். நின்னும் இருக்கலாம். இதைக் கேட்டுக்கிட்டே இருக்காதீங்க"ன்னாங்களாம். கேட்காம இருக்க முடியுதா? என்னைப் பார்த்தா அவர் கண்ணு அதைத்தான் கேட்குது. நான் அவரைத் திட்டக்கூட இல்ல. என் வாய்க்கு அப்படி ஒரு பூட்டு யாரும் போட்டதில்ல.

அவளா? காயம் ஆறினதும் வந்து உட்கார்ந்தா. கம்பி சுத்தறதுக்குத் தடை ஒண்ணுமில்ல, கை பழகிக்கிச்சு. ரப்பர் உறை மட்டும் ஆணியில தொங்கிக்கிட்டு இருக்கு. ஒரு நாள் ஒரு மோட்டார் திரும்பி வந்தது. பிரிச்சா உள்ள கருகிக் கிடக்குது. அவ கட்டரை எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தா. வாய் தேஞ்சிருந்தது. எப்ப தேஞ்சதுன்னு அவளுக்குத் தெரியல. வெட்டின முனையை நடுவிரலால தடவினா, மோதிர விரலால தடவினா, இடது கை விரல் ஒவ்வொண்ணாலயும் தடவினா. "இதுங்களுக்கு ஒண்ணும் தெரியல அண்ணி"ன்னா, பிள்ளைங்களைப் பத்திக் குறை சொல்ற மாதிரி.

புதுக் கட்டர் வாங்கணும். நானும் கூடப் போனேன். கடைக்காரர் அவளைப் பார்த்ததும் வழக்கமான சத்தம் போட வாயைத் திறந்தவர், கையைப் பார்த்துட்டு மூடிக்கிட்டார். தானே ஸ்டூலைக் கொண்டு வந்து போட்டார். இருக்கிறதுலேயே நல்லதா எடுத்து வரிசையா வெச்சார். அவ முதல் கட்டரை எடுத்தா. வெளிச்சத்துல பிடிச்சா, காதுகிட்ட திறந்து மூடினா, ஒரு கம்பியை வெட்டினா. வெட்டின முனைகிட்ட அந்தக் குறை விரல் தானா நீண்டு போச்சு. பாதியில நின்னுடுச்சு.

"அண்ணி, உங்க விரலைக் குடுங்க."

குடுத்தேன். என் விரலைப் பிடிச்சு அந்தக் கம்பி முனை மேல மெதுவா, ரொம்ப மெதுவா இழுத்தா. வார்னிஷ்லயே ஊறின விரல் என்னுது. "என்ன தெரியுது?"ன்னு என் முகத்தையே பார்த்தா. எனக்கு ஒண்ணுமே தெரியல. கம்பின்னு தெரிஞ்சது, அவ்வளவுதான். இத்தனை வருஷம் அவகூட உட்கார்ந்திருந்தும் இந்தப் பாழாப்போன விரலுக்கு ஒண்ணும் தெரியலையேன்னு நெஞ்சு வெடிச்சிடும் போல இருந்தது.

"வழவழன்னு இருக்கு"ன்னேன்.

"பிசிறு இல்லையே?"

"இல்லடி."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"நல்லாப் பார்த்துட்டேன்."

கடைக்காரர் அடுத்ததைக் கையில எடுத்துக்கிட்டு நின்னார். "இதையும் பாருங்கம்மா. உள்ள இன்னும் இருக்கு, எல்லாத்தையும் கொண்டு வர்றேன், பொறுமையாப் பாருங்க."

"வேண்டாங்க. இதையே குடுங்க, அண்ணி சொல்லிட்டாங்க"ன்னு சொல்லிட்டு, ஸ்டூலை விட்டு எழுந்துட்டா.